அமெரிக்கக் கத்தோலிக்க அருட்சகோதரிகளின் அரசியல், சமூக உரிமைப் பணி

ஐக்கிய அமெரிக்க நாடுகளின் கத்தோலிக்கப் பெண் துறவற சபைகள், சட்டமன்றங்களிலும் அரசு அலுவலகங்களிலும் பெருநிறுவனங்களின் பங்குதாரர் கூட்டங்களிலும் ஏழைகளுக்காகவும் ஒடுக்கப்பட்டோருக்காகவும் வாதாடி வரும் பணி. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1960-களில்தான் இது தோன்றியது என்று பலர் எழுதுகின்றனர். அது சரியன்று. பள்ளியும் மருத்துவமனையும் நடத்திய பெண்கள் தங்கள் உரிமைக்காகவும் தங்களை நம்பியிருந்தோருக்காகவும் ஆட்சியாளர்களிடம் முறையிடத் தொடங்கியபோதே இப்பணி தொடங்கிவிட்டது.

தொடக்க வரலாறு

உர்சுலைன் சபைச் சகோதரிகள் 1727-இல் பிரான்சிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வந்திறங்கினர். பெண்களுக்குப் பள்ளி நடத்தினர், நோயாளிகளைப் பராமரித்தனர், ஆதரவற்ற சிறுமிகளை வளர்த்தனர். 1803-இல் லூசியானா பகுதியை அமெரிக்கா விலைக்கு வாங்கியபோது, புராட்டஸ்டண்டினர் பெரும்பான்மையாக வாழ்ந்த ஒரு குடியரசின் கீழ் இம்மடம் வந்தது. பிரெஞ்சுப் புரட்சியில் மடங்களின் சொத்துகள் பறிக்கப்பட்டது இவர்கள் நன்கறிந்த செய்தி. ஆகவே தங்கள் சொத்துக்கும் தன்னாட்சிக்கும் உறுதி கேட்டுக் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனுக்கு எழுதினர். 1804-ஆம் ஆண்டில் அவரிடமிருந்து பதில் வந்தது. அரசின் தலையீடு இன்றி மடம் தன் விதிகளின்படியே நடக்கலாம் என்று அவர் உறுதியளித்தார். அக்கடிதத்தை மடம் போற்றிப் பாதுகாத்து வந்தது. அமெரிக்க அரசிடம் துறவியர் முன்வைத்த உரிமைக் கோரிக்கைகளில் இதையே முதன்மையானதாகக் கொள்ள வேண்டும்.

இதே காலத்தின் இன்னொரு பக்கத்தை மறைக்கக் கூடாது. உர்சுலைன் மடம் உட்படப் பல சபைகள் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தன. தமக்கு உரிமை கேட்டவர்கள் தம் வீட்டு வேலை செய்தோரின் உரிமையைக் காணவில்லை. கென்டக்கி மாநிலத்தின் மூன்று சபைகள் 2000-ஆம் ஆண்டில் இதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டன. வெள்ளையர் சபைகள் சேர்த்துக்கொள்ள மறுத்த கறுப்பினப் பெண்கள் தனிச் சபைகளை நிறுவினர். பால்டிமோர் நகரில் 1829-இல் மேரி லாங்கே தொடங்கிய இறைபராமரிப்பின் ஒப்லேட் சகோதரிகள் சபையும், நியூ ஆர்லியன்ஸில் 1842-இல் ஹென்ரியட் டெலில் தொடங்கிய திருக்குடும்பச் சகோதரிகள் சபையும் அவ்வாறு பிறந்தவை. கறுப்பினத்தவருக்கு எழுத்தறிவிப்பதைப் பெரும்பாலான தென்மாநிலங்கள் தடுத்த காலத்தில் அவர்களுக்குக் கற்பித்ததே ஓர் அரசியல் செயல்தான்.

1834 ஆகஸ்ட் 11 அன்று இரவு, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சார்ல்ஸ்டவுன் ஊரிலிருந்த உர்சுலைன் மடத்தைக் கத்தோலிக்க வெறுப்பு கொண்ட ஒரு கும்பல் எரித்தது. இழப்பீட்டுக் கோரிக்கை மாநிலச் சட்டமன்றத்தின் முன் பலமுறை வந்தும் ஏற்கப்படவில்லை. உள்நாட்டுப் போரில் 600-க்கும் மேற்பட்ட சகோதரிகள் இரு தரப்புப் போர்வீரர்களுக்கும் செவிலியப் பணி செய்த பின்னரே துறவற உடை மீதான பகை தணிந்தது. நியூயார்க்கில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக 1869-இல் காப்பகம் திறந்த சகோதரி ஐரீன் ஃபிட்ஸ்கிப்பனின் பணிக்கு, மறு ஆண்டே மாநிலச் சட்டமன்றம் 1,00,000 டாலர் ஒதுக்கியது. அதே அளவு தொகையை மக்களிடம் திரட்ட வேண்டும் என்பது நிபந்தனை.

ஃபிலடெல்ஃபியாவின் வங்கிக் குடும்பத்தில் பிறந்த கேத்தரின் டிரெக்சல், 1891-இல் தாம் நிறுவிய நற்கருணைச் சகோதரிகள் சபை வழியாகத் தம் பெருஞ்செல்வத்தைப் பூர்வகுடியினர், கறுப்பினத்தவர் கல்விக்கே செலவிட்டார். லூசியானாவின் சேவியர் பல்கலைக்கழகம் அதன் பயன். கும்பல் கொலைகளைத் தடுக்கும் சட்டம் வேண்டி 1930-களில் இச்சபையினர் குடியரசுத் தலைவர் ரூசவெல்டுக்குக் கடிதங்கள் எழுதினர். 2000-ஆம் ஆண்டில் டிரெக்சல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

மடத்திலிருந்து வீதிக்கு

1954-இல் உருவான சகோதரியர் பயிற்சி மாநாடு, வகுப்பறைக்கு அனுப்பப்படுமுன் சகோதரிகள் பட்டப்படிப்பை முடிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. சட்டமும் சமூகவியலும் பொருளியலும் படித்த துறவியர் தலைமுறை ஒன்று எழுந்தது. 1965-இல் வத்திக்கான் சங்கம், ஒவ்வொரு சபையும் தன் நிறுவனரின் நோக்கத்துக்குத் திரும்பிக் காலத்துக்கேற்பத் தன்னைப் புதுப்பிக்கக் கேட்டுக்கொண்டது. நிறுவனர்களின் நோக்கம் பெரும்பாலும் ஏழைகளே. படிப்பும் இந்த அழைப்பும் சேர்ந்தபின் சகோதரிகள் வீதிக்கு வந்ததில் வியப்பில்லை.

அந்த அழைப்பு வெளியாவதற்கு முன்பே, 1965-ஆம் ஆண்டு மார்ச் 10 அன்று, செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து விமானத்தில் வந்த ஆறு சகோதரிகள் அலபாமாவின் செல்மாவில் வாக்குரிமைப் பேரணியின் முன்வரிசையில் நின்றனர். அவர்களுள் கறுப்பினத்தவரான சகோதரி மேரி ஆன்டோனா ஈபோவின் படம் நாடெங்கும் நாளிதழ்களில் வந்தது. 1968-இல் பிட்ஸ்பர்க்கில் தேசியக் கறுப்பினச் சகோதரியர் மாநாடு தொடங்கியது. அது திருச்சபைக்கு உள்ளேயிருந்த இனவெறியையும் நேருக்கு நேர் கேள்வி கேட்டது.

நெட்வொர்க்

1971 டிசம்பரில் வாஷிங்டனின் டிரினிட்டி கல்லூரியில் 47 சகோதரிகள் கூடினர். துயருற்றோருக்குக் கஞ்சி ஊற்றினால் போதாது, பசிக்குக் காரணமான சட்டத்தையும் மாற்ற வேண்டும் என்பதே அவர்கள் எடுத்த முடிவு. அடுத்த ஆண்டு 'நெட்வொர்க்' அலுவலகம் திறக்கப்பட்டது. அட்ரியன் டொமினிக்கன் சபையைச் சேர்ந்த கரோல் காஸ்டன் அதன் முதல் இயக்குநர். வீட்டுவசதி, உணவு மானியம், சுகாதாரம், படைச் செலவு ஆகியவற்றில் காங்கிரஸ் உறுப்பினர்களைச் சந்தித்து வாதாடுவதும், தொகுதிவாரியாகக் கடிதம் எழுதச் செய்வதும் இதன் வழிமுறை.

சிலர் நேரடியாகப் பதவிக்கே வந்தனர். சகோதரி கிளேர் டன் 1974-இல் அரிசோனா சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1983-இல் வெளிவந்த புதிய திருச்சபைச் சட்டம், ஆட்சியதிகாரப் பதவிகளைக் குருக்களுக்கு மட்டுமன்றித் துறவியருக்கும் தடைசெய்தது. மிச்சிகன் மாநிலச் சமூகநலத் துறையின் தலைவராக இருந்த இரக்கத்தின் சகோதரி ஆக்னஸ் மேரி மன்சூர், பதவியா சபையா என்ற கட்டாயத்துக்கு உள்ளாகி, அவ்வாண்டே சபையை விட்டு விலகினார். கருக்கலைப்புக்கான அரசு நிதியை அவர் எதிர்க்க மறுத்ததே உடனடிக் காரணம். ஏழைப் பெண்களை அறிந்தவர் என்ற முறையில் அவர் நிலை புரிந்துகொள்ளத்தக்கதே.

வேறு களங்களும் இருந்தன. எல் சால்வடாரில் ஏழைகளோடு நின்ற மேரிநோல் சகோதரிகள் ஈட்டா ஃபோர்டு, மோரா கிளார்க், உர்சுலைன் சகோதரி டோரத்தி கேசல், பொதுநிலைப் பணியாளர் ஜீன் டோனவன் ஆகியோர் 1980 டிசம்பர் 2 அன்று அந்நாட்டு தேசியக் காவல்படையினரால் கொல்லப்பட்டனர். அதன்பின் அமெரிக்க இராணுவ உதவியை நிறுத்தக் கோரும் குரல் ஓங்கியது. லூசியானாவில் மரண தண்டனைக் கைதிகளுக்குத் துணைநின்ற ஹெலன் பிரஜீன் 1993-இல் எழுதிய 'டெட் மேன் வாக்கிங்' நூல் திரைப்படமாகவும் வந்தது. நியூ ஜெர்சியின் கால்ட்வெல் டொமினிக்கன் சகோதரி பாட்ரிசியா டேலி, எக்ஸான்மொபில் பங்குதாரர் கூட்டங்களில் காலநிலை மாற்றம் குறித்துப் பல ஆண்டுகள் வாதாடினார்.

2010-க்குப் பின்

ஒபாமா அரசின் சுகாதாரக் காப்பீட்டு மசோதாவை 2010-இல் ஆயர்கள் எதிர்த்தனர். கத்தோலிக்க சுகாதாரச் சங்கத் தலைவர் சகோதரி கரோல் கீஹனும், நெட்வொர்க் முயற்சியில் கையெழுத்திட்ட சபைத் தலைவியரும் ஆதரித்தனர். 219-க்கு 212 என்ற வாக்குகளில் மசோதா நிறைவேறியது. 2012 ஏப்ரலில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், பெரும்பாலான சபைகளின் தலைவியர் அமைப்பைக் கண்டித்து வெளியிட்ட அறிக்கை நெட்வொர்க்கையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. இரண்டே மாதத்தில் சகோதரி சிமோன் கேம்பலும் தோழியரும், ஏழைகளுக்கான நிதியை வெட்டும் வரவுசெலவுத் திட்டத்தை எதிர்த்து அயோவாவிலிருந்து வாஷிங்டன் வரை பேருந்துப் பயணம் மேற்கொண்டனர். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் காலத்தில், தலைவியர் அமைப்பின் மீதான வத்திக்கான் விசாரணை அமைதியாக முடிந்தது.

எல்லாச் சபைகளும் இவ்வழி நிற்கவில்லை. ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை, கருத்தடைக் காப்பீட்டு விதிக்கு எதிராக உச்ச நீதிமன்றம் சென்று 2020-இல் வென்றது. 1960-களின் நடுவில் ஏறத்தாழ 1,80,000 ஆக இருந்த அமெரிக்கச் சகோதரிகள் இன்று 40,000-க்கும் கீழே உள்ளனர். 2021 முதல் நெட்வொர்க்குக்குப் பொதுநிலையினரே தலைமை தாங்குகின்றனர்.