புறக்காழும் அகக்காழும்

உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தார் என்பதற்காகத் தொல்காப்பியரை டார்வினுக்கு முன்னோடியாக்கிவிடுவது நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. மரபியலைச் சற்று நிதானமாகப் படிப்பவருக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டத் தயக்கம் வரும். அதைவிடச் சுவையான வேறொன்று அங்கே இருப்பதும் தெரியும். (மரபியலே பிற்காலத்தது என்பாரும் உளர். அவ்வழக்கு இங்கே வேண்டாம்.)

அங்கே அறிவு என்பது புலனறிவு. மெய், நா, மூக்கு, கண், செவி, மனம் என்று ஏறும் வரிசை. புல்லும் மரமும் ஓரறிவு. நத்தையினமாகிய நந்தும் சிப்பியினமாகிய முரளும் ஈரறிவு. கறையானும் எறும்பும் மூவறிவு. நண்டும் தும்பியும் நாலறிவு.

பாரிசில் ஜார்ஜ் குவியே 1817இல் வெளியிட்ட விலங்குலகம் பற்றிய நூல், புலன்களை எண்ணவில்லை. உடல் எந்த அமைப்பில் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தது. முதுகெலும்புள்ளவை, மெல்லுடலிகள், கணுக்கணுவான உடல் கொண்டவை, நடுவிலிருந்து ஆரக்கால்போல் விரிந்தவை என நான்கே பெரும்பிரிவுகள். இந்தக் கண்ணுக்கு நந்தும் முரளும் ஓரினமே. நண்டும் தும்பியும், தும்பியை வண்டெனக் கொண்டாலும் தட்டானெனக் கொண்டாலும், ஓரினமே. ஆனால் எறும்பும் கறையானும் அதே கணுவுடல் இனந்தான். கண்ணில்லை எனக் கருதியதால் மரபியலில் ஒரு படி இறங்கிவிட்டன. உண்மையில் எறும்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் கண் உண்டு. ஆக, மரபியலின் வகுப்பு உடலமைப்பை ஓரிடத்தில் தொட்டு மற்றோரிடத்தில் விட்டுவிடுகிறது.

உடலமைப்பை அந்நூல் நேராகப் பார்ப்பது விலங்குகளில் அன்று, தாவரங்களில். புறத்தே வயிரமுடையது புல்; அகத்தே வயிரமுடையது மரம். இதன்படி பனையும் தென்னையும் மூங்கிலும் புல். காரைக்குடிப் பக்கத்தில் இதற்கு உரையாசிரியர் தேவையில்லை. செட்டிநாட்டு வீட்டின் பர்மாத் தேக்குத் தூண் அகக்காழ். ஓட்டு வீட்டின் பனஞ்சட்டம் புறக்காழ். பனையின் நடுச்சோற்றை நீக்கிவிட்டுப் புறத்தைக் கொள்ளும் தச்சருக்கு இது கைப்பழக்கம். இன்றைய தாவரவியலும் இம்மூன்றையும் ஒருவித்திலைத் தாவரங்களில் சேர்த்து, புல்லுக்கு அருகிலேயே வைக்கிறது.

இதே கத்தியை விலங்கின்மேல் வைத்திருந்தால்? நண்டு புறக்காழ், ஆடு அகக்காழ். குவியேயின் சக அறிஞரான ழோஃப்ருவா செயிண்ட் இலேர் 1820களில் இதையே கேட்டார்: பூச்சியின் ஓடும் நம் முள்ளெலும்பும் ஒன்றேதான், பூச்சி அதற்குள் வாழ்கிறது, நாம் அதற்கு வெளியே வாழ்கிறோம் என்றார். 1830இல் பாரிஸ் அறிவியற் கழகத்தில் இருவரும் வெளிப்படையாக மோதினர். முதுமையிலிருந்த கதேக்கு அவ்வாண்டுப் பிரெஞ்சுப் புரட்சியைவிட இச்சண்டையே பெரிதாகப்பட்டது.

தொல்காப்பியர் அக்கத்தியை விலங்கின்மேல் வைக்கவில்லை. அவர் கவலை விலங்கன்று, சொல். பனைக்கு ஓலை, மாவுக்கு இலை. அந்த வழக்கைக் காக்கத்தான் புல்லையும் மரத்தையும் பிரித்தார். விலங்கின் இளமைப் பெயர்களுக்கு உள்ளெலும்பு உதவாது. மூங்காவும் வெருகும் எலியும் அணிலும் குட்டியே ஈனும். பறப்பவற்றின் இளமைக்குரிய பார்ப்பும் பிள்ளையும் தவழ்பவற்றுக்கும் உரியன.

பறவைக்கு மிக நெருங்கிய உறவாக இன்று வாழும் விலங்கு முதலைதான் என்பது இப்போதைய உயிரியல் முடிபு. இதையும் எவரேனும் மேடைக்குக் கொண்டுபோகாமல் இருக்கவேண்டும்.