மீள்குடியேறிய அகதிகளுக்கான மாணவர் நிதியுதவி (பிரித்தானியா)

முதலில் தஞ்சமடைந்த நாட்டிலிருந்து பிரித்தானிய அரசு அழைத்துவந்து குடியமர்த்தும் அகதிகளுக்கு உயர்கல்விக் கட்டணக் கடனும் வாழ்க்கைச்செலவுக் கடனும் வழங்கும் ஏற்பாடு. இங்கிலாந்தில் இக்கடன் பெறப் பொதுவாக, படிப்பு தொடங்குமுன் 3 ஆண்டுகள் நாட்டில் வசித்திருக்க வேண்டும். அகதித் தகுதி பெற்றோருக்கு இந்நிபந்தனை இல்லை. 2014இல் தொடங்கிய சிரியர் மீள்குடியேற்றத் திட்டத்தில் வந்தோருக்கோ முதலில் அகதித் தகுதிக்குப் பதிலாக 5 ஆண்டு மனிதநேயப் பாதுகாப்பு என்ற தகுதியே தரப்பட்டது; அதைப் பெற்றோருக்கு அப்போது 3 ஆண்டு நிபந்தனை பொருந்தியது. அரசின் அழைப்பில் வந்த இளைஞர்களும் இதனால் கல்விக் கடனுக்குக் காத்திருக்க நேர்ந்தது. திட்டத்தின் பெருங்குறை இது. 2017 மார்ச்சில் உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் மாற்றத்தை அறிவித்தார். அவ்வாண்டு ஜூலை 1 முதல் வந்தோர் அகதித் தகுதி பெற்றனர். முன்னர் வந்தோரும் விண்ணப்பித்து மாறலாம் என்றாயிற்று. ஆப்கானிஸ்தான் மீள்குடியேற்றத் திட்டங்களில் வந்தோருக்கு 2022–23 கல்வியாண்டு முதல் 3 ஆண்டு நிபந்தனை நீக்கப்பட்டது.