வட சிலாங்கூர்த் தோட்டங்களில் கால்நடையும் எல்லைக் கட்டுப்பாடும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசிய இந்தியர் வரலாறு பெரும்பாலும் பால்மரத்தையும் கங்காணியையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) வட்டாரத் தோட்டங்களில் லயங்களுக்குப் பின்னால் இருந்த மாட்டுக்கொட்டகைகளோ ஓரிரு வரிகளையே பெற்றுள்ளன. அம்மாடுகளை நோயிலிருந்து காக்க எழுந்த எல்லைக் கட்டுப்பாடுகளையும், அவற்றின் சுமையைத் தாங்கியோரையும் இக்கட்டுரை நோக்குகின்றது.

தோட்டத்து மாடு

இந்தியக் குடியேறிகளோடு வந்த திமில் மாடுகளின் வழித்தோன்றல்களைக் கால்நடைத் துறையினர் 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என வகைப்படுத்துகின்றனர். குறைந்த கூலி பெற்ற தொழிலாளிக்குப் பசு ஒரு சேமிப்பாகும். பால் விற்ற காசு அன்றாடச் செலவுக்கும், விற்ற கன்று திருமணச் செலவுக்கும் உதவின. ஆதலின் ஒரு கொள்ளைநோய் அக்குடும்பத்தின் சேமிப்பு முழுவதையும் அழித்துவிடக் கூடியதாயிருந்தது.

தடுப்புமுறையின் தருக்கம்

ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் திரட்டப்பட்ட தொழிலாளர் இங்கு வந்தபோது பினாங்கின் ஜெரெஜாக் தீவு போன்ற நோய்த்தடுப்பு முகாம்களைக் கடந்தனர். நலமாகத் தோன்றும் உடலும் நோயைச் சுமக்கலாம் என்பதே அதன் அடிப்படை. கால்நடைக்கும் இதே தருக்கம் பொருந்தும். கோமாரிக் கிருமி உடலிற் புகுந்து 2 முதல் 14 நாள்களுக்குப் பின்னரே கொப்புளங்கள் தோன்றும்; அறிகுறிக்கு முன்பே அது பரவவும் தொடங்கும். எனவேதான் இறக்குமதி உரிமம், தனிமைப்படுத்தல், பரிசோதனை ஆகியவை தேவைப்பட்டன. 1953ஆம் ஆண்டு விலங்குகள் சட்டம் இவற்றுக்கு அடித்தளமிட்டது.

இம்முறையின் பயனை மறுத்தல் இயலாது. வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக 2011இல் அறிவிக்கப்பட்டது. தடுப்பூசியுடன் நடமாட்டக் கட்டுப்பாடும் அதற்குத் துணை நின்றது. கடலால் பிரிக்கப்பட்ட சபாவும் சரவாக்கும் தடுப்பூசியின்றியே கோமாரியற்ற பகுதிகளாக அங்கீகாரம் பெற்றன. தாய்லாந்துடன் நில எல்லை கொண்ட தீபகற்பத்திலோ கோமாரி மீண்டும் மீண்டும் தலைகாட்டியது. ரந்தாவ் பாஞ்சாங்கில் தடுப்பு நிலையம் இருந்தும், விலை வேறுபாடு கடத்தலைத் தூண்டியது.

எல்லைக்கு உள்ளே

எல்லைக் காவல் மட்டும் போதாது என்பதை நிப்பா நோய் உணர்த்தியது. 1998 செப்டம்பரில் ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் தோன்றிய அந்நோய் அயல்நாட்டிலிருந்து வந்ததன்று. பழந்தின்னி வௌவாலிடமிருந்து வந்தது. லாரிகளில் ஏற்றப்பட்ட பன்றிகளோடு அது நெகிரி செம்பிலானை அடைந்தது. சிங்கப்பூர் 1999 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்துவதற்குள் அங்கு இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேர் நோயுற்று, ஒருவர் இறந்தார். மலேசியாவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

முடிவுரை

உண்மையான எல்லை சுங்கச் சாவடியில் மட்டுமன்றி, ஒவ்வொரு கொட்டகையின் வாயிலிலும் உள்ளது. மாட்டின் வாயில் கொப்புளத்தை முதலிற் காண்பவர் அதை வளர்ப்பவரே. அறிவித்தால் மாடு போகும், ஈடு கிடைக்காது என அவர் அஞ்சினால், அன்றிரவே அது வேறிடத்துக்கு விற்கப்படும். அத்துடன் கட்டுப்பாடும் தகரும். நம்பிக்கையும் உரிய இழப்பீடும் இல்லாத சட்டம் நோயை மறைக்கவே தூண்டும். தோட்டங்கள் செம்பனைக்கும் பின்னர் வீடமைப்புக்கும் மாறியதில் கொட்டகைகள் பல மறைந்துவிட்டன. எஞ்சியுள்ள முதிய மாட்டுக்காரர்களின் வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டுவது நம் ஆய்வாளர்களின் உடனடிக் கடமையாகும்.