தங்க வயலில் பொன் விளைந்த கதை

வயல் என்றால் நெல் விளையும், கரும்பு விளையும். கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்க வயலில் பொன் எவ்வாறு விளைந்தது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

1802-இல் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற படை அதிகாரி, அவ்வட்டார மக்கள் மண்ணை அலசிப் பொன் துகள்களைப் பிரிப்பதைக் கண்டார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இயந்திரங்களுடன் சுரங்கவேலையில் இறங்கியது.

அங்குள்ள கரும்பாறைகளின் வயது ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகள். கடலடியில் வழிந்த எரிமலைக் குழம்பு இறுகி, பின்னர் ஆழத்தில் புதைந்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை அவை. சாதாரணப் பாறையில் டன்னுக்குச் சில மில்லிகிராம் பொன்னே உண்டு. சிதறிக் கிடந்த அதனை ஓரிடத்தில் திரட்டியது யார் தெரியுமா? தண்ணீர்தான்!

ஆழத்தில் பாறைகள் சூடேறும்போது அவற்றில் அடங்கிய நீர் பிரிந்து வெளியேறுகிறது. 300 டிகிரி செல்சியஸ் அளவு சூட்டிலும், மிகுந்த அழுத்தத்தால் அது ஆவியாவதில்லை. அந்நீரிலுள்ள கந்தகத்தோடு இணைந்து பொன் கரைகிறது. நிலம் அதிர்ந்து பாறையில் பிளவு திறந்தால், அழுத்தம் சட்டெனக் குறைகிறது. சோடாப் புட்டியைத் திறந்ததும் வாயு பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே கந்தக வாயு பிரிந்துபோக, துணையிழந்த பொன் படிந்துவிடுகிறது. கரைந்திருந்த சிலிக்காவும் வெண்ணிறக் குவார்ட்சாக உறைந்து பிளவை அடைக்கிறது. பிளவு மீண்டும் திறக்கும்; மீண்டும் அடைபடும். இவ்வாறு பன்முறை நிகழ்ந்தே பொன் ரேகைகள் உருவாயின.

அந்த ரேகைகளைத் தொடர்ந்து சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அங்கே பாறையின் வெப்பமே 60 டிகிரிக்கு மேல்! வட ஆற்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற பலர் அங்கு உழைத்தனர். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறியதில் மாண்டவர்கள் உண்டு. கல்தூசியால் நுரையீரல் கெட்டவர்களும் உண்டு.

தொடக்கத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த பொன், இறுதியில் 3 கிராம் அளவுக்குக் குறைந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. சுமார் 120 ஆண்டுகளில் எடுத்தது ஏறத்தாழ 800 டன்.

நெல் வயலுக்கு அடுத்த பருவம் உண்டு. இந்த வயலுக்கு ஒரே அறுவடைதான். நீர் திரட்டித் தந்ததை மனிதர் எடுத்துவிட்டனர். அரைத்துக் கொட்டிய பாறைத்தூள் மேடுகள் மட்டும் இன்றும் அங்கே நிற்கின்றன.