கட்டம் போட்ட பேரேடும் கட்டமில்லாத கிடங்கும்

'நோஎஸ்க்யூஎல்' என்ற சொல்லைப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வாயிலிருந்து கேட்டிருப்பீர்கள். அட்டவணை இல்லாத தரவுத்தளம் என்று பொருள். ஏதோ நேற்று முளைத்த சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். அட்டவணைத் தரவுத்தளத்துக்கும் இது மூத்தது.

சந்திரனுக்குப் போன சாட்டர்ன் ராக்கெட்டின் உதிரிபாகப் பட்டியலுக்காக ஐபிஎம் உருவாக்கிய ஐஎம்எஸ், 1968-இல் ஓடத் தொடங்கியது. அதில் தரவு மரக்கிளை மாதிரி பிரிந்து நிற்கும். எதைத் தேடினாலும் கிளை வழியேதான் இறங்க வேண்டும். 1970-இல் அதே ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட், எல்லாவற்றையும் வரிசையும் பத்தியும் கொண்ட அட்டவணைகளாக வைக்கலாம் என்று எழுதினார். நம் கணக்குப்பிள்ளையின் பேரேடு போலத்தான். வங்கிக் கணக்கு, சம்பளப் பட்டியல் எல்லாம் அதில் அழகாக அடங்கின.

இணையப் பக்கங்கள் அடங்கவில்லை. ஒன்று நாலு வரி, இன்னொன்று நாற்பது பக்கம். எண்ணிக்கையோ கோடிக்கணக்கில். கூகுள் 2006-இல் வெளியிட்ட 'பிக்டேபிள்' கட்டுரை இதற்கு வழி சொன்னது. வரிசைக்கு வரிசை பத்திகள் வேறுபடலாம். காலிக் கட்டம் இடத்தை அடைக்காது. ஒரே பக்கத்தின் பல பிரதிகளை நேரம் குறித்து வைக்கலாம். தரவைப் பல கணினிகளுக்குப் பங்கிடலாம்.

மறு ஆண்டு அமேசான் 'டைனமோ'வை விவரித்தது. எனக்கு இதில் பிடித்தது அவர்கள் கேட்டுக்கொண்ட கேள்வி: எந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம்? ஒரு கணினி செயலிழந்தாலும் வாடிக்கையாளர் கூடையில் பொருள் போடுவது தடைபடக் கூடாது. அதற்கு விலையாக, நீக்கிய பொருள் எப்போதாவது கூடைக்குத் திரும்பி வரலாம். பரவாயில்லை, மறுபடி நீக்கிக்கொள்வார்கள்.

அதே பிழை வங்கிக் கணக்கில் வந்தால்? எடுத்த பணம் திரும்பக் கணக்கில் தெரிந்தால் வங்கி தாங்காது. கூடைக்குப் பொருந்துவது பாஸ்புக்குக்குப் பொருந்தாது.

கூகுளே 2012-இல் 'ஸ்பேனர்' பற்றி எழுதியபோது, பல கணினிகளில் பரவியிருந்தாலும் கணக்குப் பிசகாத முறையைத் திரும்பக் கொண்டுவந்திருந்தது. பிக்டேபிளில் அது இல்லாமல் அவர்களுடைய நிரலாளர்களே சிரமப்பட்டிருந்தார்கள்.

ஆகவே எது புதிது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. வைக்கப்போகும் சரக்கு என்ன, எப்படித் தேடுவோம், பிசகினால் யாருக்கு நஷ்டம் என்ற மூன்றையும் முதலில் கேட்க வேண்டும். பேரேடு எழுதிய காலத்திலும் இதே கேள்விகள்தானே!