டீஃப்ராஸ்ட் பொத்தானின் வரலாறு

பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதை நிரம்பி வழியும்போது, நம் அடி அண்ணாமலையிலிருந்து வண்டி எடுத்துக் கடைக்குப் போவது ஆகிற காரியமில்லை. ஃப்ரீசரில் இருக்கும் குருமா டப்பாதான் உங்களுக்குக் கைகொடுக்கும். அதை உருக்கித் தரும் மைக்ரோவேவ் அடுப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா?

போர்க்களத்திலிருந்து! இரண்டாம் உலகப் போரில் எதிரி விமானங்களைக் காட்டிக்கொடுத்த ரேடாரின் இதயம் மேக்னட்ரான் குழாய். அதன் அலைகளால் உணவைச் சூடாக்கும் முறைக்கு, அமெரிக்காவின் ரேத்தியான் நிறுவனப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர் 1945-ல் காப்புரிமை கோரினார். 1947-ல் வந்த முதல் அடுப்பு ஆள் உயரம் இருந்தது. எடை சுமார் 340 கிலோ! சமையல் மேடையில் வைக்கும் அடுப்பு 1967-ல் அமெரிக்க வீடுகளுக்கு வந்தது.

உறைந்ததை உருக்கவும் இந்த அலைகள் பயன்பட்டன. லண்டனில் உறைநிலைக்குக் குளிர்வித்த வெள்ளெலிகளைச் சூடான கரண்டியால் எழுப்பியபோது தோல் வெந்தது. அதைத் தவிர்க்க, 1950-களில் ஜேம்ஸ் லவ்லாக் என்ற விஞ்ஞானி இவ்வலைகளைப் பயன்படுத்தினார்.

ஆனால் ஒரு சிக்கல். தண்ணீர் இந்த அலைகளை நன்றாக உறிஞ்சும்; பனிக்கட்டி அவ்வளவாக உறிஞ்சாது. எனவே முதலில் உருகிய ஓரம் கொதிக்கும். நடுப்பகுதி கல்லாகவே இருக்கும். டீஃப்ராஸ்ட் பொத்தான் அலைகளை விட்டுவிட்டு அனுப்புவது இதற்காகத்தான். இடைவெளியில் சூடு உள்ளே பரவும்.

அவசரப்பட்டு முழுச் சூட்டில் வைக்காதீர்கள். நடுவே நிறுத்திக் கிளறுங்கள். உருகியபின் நடுப்பகுதியும் ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். அரைச்சூட்டில் கிருமிகள் சாகாது. குழந்தைகளுக்கு ஊட்டும்முன் நன்றாகக் கிளறி, ஆறவிட்டு, சூடு பார்த்துக் கொடுங்கள்.