நீச்சற் போட்டித் தொடக்கம்

நீச்சற் போட்டித் தொடக்கம் என்பது போட்டியாளர் அனைவரும் ஒரே கணத்தில் நீந்தத் தொடங்குவதை உறுதி செய்ய அலுவலர்கள் பின்பற்றும் நடைமுறை ஆகும். தலைமை நடுவர், தொடக்குநர் ஆகிய இருவரும் இதற்குப் பொறுப்பானவர்கள். அனைத்துலகப் போட்டிகளுக்கான விதிகளை உலக நீர் விளையாட்டு அமைப்பு வகுக்கிறது. இவ்வமைப்பு 2022 இறுதி வரை பினா என்ற பெயரில் இயங்கியது. நீச்சலில் வெற்றி தோல்வி நொடியின் நூறில் ஒரு பங்கில் முடிவாவதுண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் மைக்கேல் பெல்ப்ஸ், மிலோராட் சாவிச்சை 0.01 நொடியில் வென்றார். ஆகவே தொடக்கத்தில் ஏற்படும் மிகச் சிறிய வேறுபாடும் முடிவை மாற்றக்கூடியது.

நடைமுறை

தலைமை நடுவர் முதலில் சில குறுகிய ஊதல் ஒலிகளை எழுப்புவார். நீச்சலுடை தவிர்ந்த மேலாடைகளைக் களைந்து ஆயத்தமாகுமாறு இது அறிவிக்கிறது. அடுத்து வரும் நீண்ட ஊதலுக்குப் போட்டியாளர்கள் தொடக்க மேடையில் ஏறி நிற்பர். மல்லாந்து நீச்சலும் கலப்பு அஞ்சல் நீச்சலும் நீரிலிருந்தே தொடங்குவதால், அவற்றில் இந்த ஊதலுக்கு நீச்சல்வீரர் நீரில் இறங்குவர். இரண்டாவது நீண்ட ஊதலுக்குச் சுவரருகே வந்து கைப்பிடிகளைப் பற்றிக்கொள்வர்.

அனைவரும் ஆயத்தமானதும் தலைமை நடுவர் தம் கையைத் தொடக்குநரை நோக்கி நீட்டுவார். போட்டியாளர்கள் இனித் தொடக்குநரின் கட்டுப்பாட்டில் உள்ளனர் என்பது இதன் பொருள். தொடக்கச் சைகை ஒலிக்கும் வரை கை நீட்டியபடியே இருக்க வேண்டும். தொடக்குநர் குளத்தின் பக்கவாட்டில், தொடக்க விளிம்பிலிருந்து ஏறத்தாழ 5 மீட்டருக்குள் நின்று "டேக் யுவர் மார்க்ஸ்" என்று ஆணையிடுவார். ஒலிம்பிக், உலகப் போட்டிகளில் இவ்வாணை எந்நாட்டில் நடந்தாலும் ஆங்கிலத்திலேயே அமையும். வீரர் ஒரு காலையேனும் மேடையின் முன்விளிம்பில் வைத்துக் குனிந்து நிற்பர். அனைவரும் அசைவற்று நின்ற பின்னரே சைகை ஒலிக்கும்.

ஆணைக்கும் சைகைக்கும் இடையே இத்தனை நொடிகள் என்ற வரையறை எதுவும் இல்லை. இது குறைபாடு போலத் தோன்றினாலும் உண்மையில் நேர்மைக்கான காப்பு ஆகும். இடைவெளி மாறாததாக இருந்தால் வீரர்கள் சைகையைக் கேட்டுப் புறப்படாமல், மனத்துள் எண்ணிப் புறப்படுவர். மறுபுறம், ஒருவர் வேண்டுமென்றே மெல்லக் குனிந்தால் மற்றவர்கள் தசைகளை இறுக்கியபடி காத்திருக்க நேரும். அவ்வாறு தாமதிப்பவரைத் தொடக்குநர் தலைமை நடுவரிடம் முறையிடலாம். எவரேனும் நிலைகொள்ளத் தவறினால், அனைவரையும் நிமிர்ந்து நிற்கச் சொல்லி மீண்டும் தொடங்குவதே அனுபவமுள்ள தொடக்குநரின் வழக்கம். ஆணையை உரத்த அதிகாரக் குரலில் அன்றி அமைதியான குரலில் கூறுவதும் இதே காரணத்தினாலாகும். திடீரென எழும் குரலே ஒருவரைக் குதிக்கச் செய்துவிடும்.

ஒலியும் தொலைவும்

காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. ஒலிம்பிக் குளத்தில் ஒவ்வொரு தடமும் 2.5 மீட்டர் அகலமுடையது. முதல் தடத்தின் பக்கம் நிற்கும் ஒருவர் துப்பாக்கியால் சைகை தந்தால், அவ்வொலி எட்டாம் தடத்தை அடைய ஏறத்தாழ 0.05 நொடி கூடுதலாகும். பெல்ப்சின் வெற்றி இடைவெளியைப் போல இது ஐந்து மடங்கு. இக்குறையைப் போக்க, பெரிய போட்டிகளில் ஒவ்வொரு தொடக்க மேடையிலும் ஓர் ஒலிபெருக்கி பொருத்தப்படுகிறது. அதே மின்குறிப்பு மின்னணுக் கடிகாரத்தையும் இயக்குகிறது.

செவித்திறன் அற்றோருக்காக ஒலியுடன் பளிச்சிடும் விளக்கும் பயன்படுகிறது. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த செவித்திறன் அற்ற வீரர் டெரன்ஸ் பார்க்கின் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் மார்பு நீச்சலில் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

தவறான தொடக்கம்

சைகைக்கு முன் புறப்படுவது தவறான தொடக்கம் எனப்படும். முற்காலத்தில் முதல் தவற்றுக்கு எச்சரிக்கை மட்டுமே தரப்பட்டது. அதன் பின்னர் தவறு செய்தவரே, முதற்தவறு எவருடையதாயினும், நீக்கப்பட்டார். இதனால் எதிராளியின் மனவுறுதியைக் குலைக்க வேண்டுமென்றே முதலில் குதிப்பதற்கும் இடமிருந்தது. 1990களின் பிற்பகுதியில் ஒற்றைத் தொடக்க விதி நடைமுறைக்கு வந்தது. இதன்படி முந்திப் புறப்படும் எவரும் முதல் தவற்றிலேயே தகுதி நீக்கப்படுவர். சைகை ஒலித்துவிட்டால் போட்டி நிறுத்தப்படாது. தவறியவர் போட்டி முடிந்த பின் நீக்கப்படுவார். சைகைக்கு முன்பே நீக்கம் அறிவிக்கப்பட்டால் எஞ்சியோருக்கு மீண்டும் தொடக்கம் தரப்படும். முன்னர் வீரர்களைத் தடுத்து நிறுத்த 15 மீட்டர் தொலைவில் நீருக்கு மேலே கட்டப்பட்ட கயிறு இவ்விதியால் பெரும்பாலும் வேலையற்றுப் போனது.

2000 சிட்னி ஒலிம்பிக்கின் 100 மீட்டர் கட்டற்ற நீச்சல் தகுதிச்சுற்று ஒன்றில் மூவரே இருந்தனர். அவர்களுள் இருவர் தவறான தொடக்கத்தால் நீக்கப்பட, எக்குவடோரியல் கினியின் எரிக் முசாம்பானி தனியே நீந்தி 1 நிமிடம் 52.72 நொடியில் முடித்தார். 2004 மார்ச்சில் ஆத்திரேலியத் தெரிவுப் போட்டியில், 400 மீட்டர் கட்டற்ற நீச்சலின் உலகச் சாதனையாளரான இயன் தோர்ப் சைகைக்கு முன் மேடையிலிருந்து நீரில் விழுந்து நீக்கப்பட்டார். முறையீடு ஏற்கப்படவில்லை. தகுதி பெற்றிருந்த கிரெய்க் ஸ்டீவன்ஸ் தம் இடத்தை விட்டுக்கொடுத்ததால் தோர்ப் ஏதென்சில் நீந்தித் தங்கம் வென்றார்.

2012 இலண்டனில் நடந்தது இதற்கு எதிரானது. 1500 மீட்டர் இறுதியில் சீனாவின் சுன் யாங் சைகைக்கு முன்னரே குதித்துவிட்டார். அரங்கின் இரைச்சல் காரணமாகக் கொள்ளப்பட்டு அவர் நீக்கப்படவில்லை. மீண்டும் தொடங்கிய போட்டியில் 14 நிமிடம் 31.02 நொடியில் அப்போதைய உலகச் சாதனையுடன் வென்றார். விழுந்தவருக்கு ஒரு தீர்ப்பும் குதித்தவருக்கு வேறு தீர்ப்புமா என்ற கேள்வி எழுவது இயல்பே. எனினும் விதி பார்ப்பது வீரரின் எண்ணத்தை அன்று. வெளியிலிருந்து வந்த காரணம் ஒன்று உண்டா என்பதைத் தலைமை நடுவரே தீர்மானிக்கிறார்; அங்குதான் மனிதத் தீர்ப்புக்கு இடம் இருக்கிறது.

யார் கண்டது?

தடகள ஓட்டத்தில் 0.1 நொடிக்குள் புறப்பட்டால் கருவியே தவற்றைக் காட்டும். நீச்சலில் தனிநபர் தொடக்கத்துக்கு அத்தகைய எல்லை இல்லை. மேடையில் உள்ள உணரி கால் நீங்கும் நேரத்தையே பதிகிறது. அது பொதுவாக 0.6 முதல் 0.7 நொடி வரை இருக்கும். உடலின் முன்கூட்டிய அசைவைக் கண்ணே காண வேண்டும். அமெரிக்க நீச்சல் அமைப்பின் விதிகளில் தொடக்குநர் கண்ட தவற்றைத் தலைமை நடுவரும் தனியாகக் கண்டு உறுதிப்படுத்தினால்தான் வீரர் நீக்கப்படுவார். ஒருவர் மட்டும் கண்டிருந்தால் ஐயத்தின் பயன் வீரருக்கே. நிமிர்ந்து நிற்கச் சொல்லும் ஆணையைக் கேட்டுத் தடுமாறி விழுந்தவரையும் அவ்விதிகளின்படி மன்னிக்கலாம்.

அஞ்சல் நீச்சலில் இரண்டாம், மூன்றாம், நான்காம் வீரர்களுக்குச் சைகை கிடையாது. முந்தியவர் சுவரைத் தொடும் வரை அடுத்தவரின் கால் மேடையில் இருக்க வேண்டும். உடல் முன்னரே அசையத் தொடங்கலாம் என்பதால், இவர்களது புறப்பாட்டு நேரம் தனிநபர் தொடக்கத்தைவிட மிகக் குறைவாகப் பதிவாகும்.